கால்கள் ஏன் தள்ளாடின?

மயக்கம் என்ற சொல்லை இலக்கணம் படித்தோர் நன்கறிவர். மெய்யெழுத்துக்கள் ஒன்றோடொன்று கூடி நிற்பதை மெய்ம்மயக்கம் என்பர். ஒரு திணைக்குரிய பொருள் இன்னொரு திணையில் வந்து கலப்பதைத் திணைமயக்கம் என்பர். கலத்தல் என்பதே அச்சொல்லின் பழைய பொருள்களுள் ஒன்று. பல்கலைக்கழகத்தில் அதனைப் பரீட்சைக்காகப் படித்த எனக்கு, நோயைக் குறிக்கும்போதும் அச்சொல் எத்துணைப் பொருத்தமாக அமைந்திருக்கின்றது என்பது ஆசிரியத் தொழிலுக்கு வந்த பின்னரே விளங்கிற்று. பசியினாற் கண் இருள்வதும் மயக்கம். காதினுள் ஏற்படும் கோளாறினால் உலகம் சுழல்வதும் மயக்கம். நரம்பு நொந்து கால் நிலைகொள்ளாது தள்ளாடுவதும் மயக்கம். வெவ்வேறு காரணங்களால் வெவ்வேறு உறுப்புக்களில் தோன்றும் துன்பங்கள் ஒரே சொல்லினுட் கலந்து கிடக்கின்றன. கலந்து கிடப்பதைப் பிரித்தறிவதே வைத்தியத்தின் முதற்கடமை. ஆனால் அக்கடமை வைத்தியருக்கு மட்டும் உரியதன்று. சமுதாயத்தைப் பற்றிச் சிந்திக்கும் எவருக்கும் அதிற் பங்குண்டு.

கண்டி நகரைச் சூழ்ந்துள்ள கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, ரங்கலை முதலிய தேயிலைப் பகுதிகளில் வாழும் நம் மக்கள், தம் துன்பத்தைக் கூறும்போது இப்பொதுச் சொல்லோடு நின்றுவிடுவதில்லை. "தலை கிறுகிறுங்குது" என்பார் ஒருவர். "கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்பார் மற்றொருவர். "காலு தரையில பாவ மாட்டேங்குது" என்பார் வேறொருவர். கொழுந்துக்கூடையைத் தலையிலே மாட்டிக்கொண்டு செங்குத்தான மலையில் நாள் முழுதும் ஏறி இறங்குகின்றவர்களுக்குத் தம் தலையும் காலும் எவ்வாறு தவறுகின்றன என்பது நுட்பமாகத் தெரியும். இம்மூன்று கூற்றும் மூன்று வெவ்வேறு நோய் வழிகளைக் காட்டுவன. ஆயினும் இவை வைத்தியசாலைத் துண்டில் ஏறும்போது பெரும்பாலும் மயக்கம் என்ற ஒரே சொல்லாகி விடுகின்றன. பாமரர் பேச்சிலே கருத்துத் தெளிவு இல்லை என்று கருதுவோர் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே தெளிவு மக்களிடம் இருக்கின்றது. கலப்பு ஏட்டில் நிகழ்கின்றது.

மனிதன் இரு காலில் நிமிர்ந்து நிற்பது எளிய காரியமன்று. அதற்கு மூன்று புலன்கள் ஓயாது துணைநிற்கின்றன. கண், சுற்றுப்புறத்தை அளந்து சொல்கின்றது. உட்செவியில் நீர் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் தலையின் அசைவை அறிவிக்கின்றன. பாதத்திலும் மூட்டுக்களிலும் இருந்து புறப்படும் நரம்புகள், காலடியிலே தரை எங்கே இருக்கின்றது என்பதை முதுகுத்தண்டின் வழியாக மூளைக்கு உணர்த்துகின்றன. இம்மூன்று செய்திகளையும் சிறுமூளை ஒப்பிட்டுத் தசைகளை இயக்குகின்றது. இவற்றுக்கெல்லாம் மேலாக, தலைவரை ஏறிச் செல்லும் இரத்தம் போதிய அளவில், போதிய வளத்துடன் இருத்தல் வேண்டும்.

ஆகவே தள்ளாட்டத்திற்குக் காரணம் ஒன்றல்ல. படுக்கையை விட்டு எழுந்தவுடன் கண் இருளுமாயின் இரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கலாம். உடலில் நீர் வற்றியிருக்கலாம். அழுத்தத்திற்காக உட்கொள்ளும் மாத்திரை அளவு மிஞ்சியிருக்கலாம். புரண்டு படுக்கும்போது சில விநாடிகள் மட்டும் அறை சுழலுமாயின், உட்செவியிலுள்ள நுண்ணிய கல்சியத் துகள்கள் இடம் பெயர்ந்திருத்தல் கூடும். தலையை முறைப்படி திருப்பிச் செய்யும் எளிய பயிற்சியினாலேயே பலருக்கு அது குணமாகும். தலை தெளிவாக இருந்து கால் மட்டும் தடுமாறுமாயின் நரம்பையோ முதுகுத்தண்டையோ சிறுமூளையையோ ஆராய வேண்டும். திடீரென்று தள்ளாட்டம் தோன்றி, அதனோடு பேச்சுக் குழறி, முகம் கோணி, ஒரு பக்கத்துக் கையோ காலோ வலுவிழக்குமாயின் அது பக்கவாதத்தின் அறிகுறி. ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இவற்றைப் பிரித்தறியாது மயக்கத்திற்கு மாத்திரை என்று ஒன்றைக் கொடுப்பது வைத்தியம் ஆகாது.

நான் படிப்பிக்கும் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். பத்தாந் தரம். மூன்று மைல் தூரத்திலுள்ள லயத்திலிருந்து நடந்து வருபவள். ஒரே தவணையில் மூன்று தடவை காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். ஆசிரியர் அறையில் இதற்கு மூன்று விளக்கங்கள் கூறப்பட்டன. பாடத்திலிருந்து தப்புவதற்கான நடிப்பு என்றார் ஒருவர். காதல் விவகாரமாக இருக்கலாம் என்று குரலைத் தாழ்த்தினார் இன்னொருவர். ஆற்றங்கரையில் ஏதோ கண்டு பயந்திருக்கிறாள், மந்திரித்தால் தீரும் என்றார் மூன்றாமவர். மூவரும் பட்டதாரிகள். மூன்று விளக்கங்களும் தம்முள் வேறுபட்டவைபோலத் தோன்றினும் ஒரு பொதுமை உண்டு: குற்றம் அவளிடத்தே இருக்கின்றது என்பதே அது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று அவளைக் கேட்டேன். "சாயத்தண்ணி டீச்சர். ரொட்டி இருந்தா தம்பி கொண்டு போயிருவான்" என்றாள். அவள் கீழிமையை விலக்கிப் பார்த்தபோது உட்புறம் வெளிறியிருந்தது. பின்னர் வைத்தியசாலையில் இரத்தத்தைச் சோதித்தார்கள். இருக்க வேண்டிய ஹீமோகுளோபினிற் பாதிக்குச் சற்றே மேலாகத்தான் இருந்தது.

இரத்தச் சோகை நம் தோட்டத்துப் பெண்களுக்குப் புதியதன்று. உணவிற் கீரையும் மீனும் இறைச்சியும் குறைவு, மாதந்தோறும் இரத்த இழப்பு, அடுத்தடுத்த பிரசவங்கள், அத்துடன் குடலில் இருந்து இரத்தம் உறிஞ்சும் கொழுக்கிப்புழு. இன்னொரு கொடிய முரணும் இதிலுண்டு. உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர், அவ்வுணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்வதைத் தடுக்கும் இயல்புடையது. பறித்தவளுக்குக் காலையுணவாகக் கிடைப்பது அத்தேயிலையின் சாயம்; அதுவும் அவளது இரத்தத்தின் வளத்தைக் குறைக்கின்றது.

1916ஆம் ஆண்டில் அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடக்கினர். புழு நீங்கிய தொழிலாளி அதிகம் உழைப்பான் என்பது தோட்ட முதலாளிகளுக்குக் காட்டப்பட்ட கணக்கு. மருந்து கொடுப்பது எளிது. ஒவ்வொரு லயத்திற்கும் மலசலகூடம் கட்டுவது செலவு. மருந்துண்டு புழு நீங்கியவர்கள் அதே மண்ணில் மீண்டும் வெறுங்காலுடன் நடந்தால், அதே புழு மீண்டும் பாதத்தின் வழியே உடலிற் புகும். சோம்பேறிகள் என்று ஏசப்பட்டவர்களின் சோம்பலுக்கு அறிவியலிற் காரணம் இருந்தது. அக்காரணத்தின் வேர் லயத்தின் அமைப்பிலே இருந்தது. அந்நிலை முற்றாக மாறிவிட்டது என்று கூறுவதற்கில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது பாடசாலைக் காலைக் கூட்டங்களில் பிள்ளைகள் மயங்கி விழுந்த செய்திகள் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வெளிவந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

பசியும் சோகையும் ஒரு வகை. கால் தரையிற் பாவாமை வேறு வகை. அதனை எனக்கு விளக்கியவர் என் தாயார். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர், நீரிழிவு நோயாளி. இரண்டு ஆண்டுகளாக நடையில் தடுமாற்றம். அவர் வழமையாகச் செல்லும் மருந்தகத்தில் தலைசுற்றுக்கான மாத்திரையே கொடுத்து வந்தார்கள். வயது போனால் இப்படித்தான் என்பது அயலவர் முடிவு. கடைசியாகக் கண்டி நகரில் ஓர் இளம் சிங்கள வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். சிங்களத்தில் தலைச்சுற்றைக் 'கரகெவில்ல' என்பர். மயங்கிச் சோர்வதைக் 'கிளாந்தய' என்பர். இவ்விரண்டில் எது என்று அவர் வினவினார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா இரண்டையும் மறுத்தார்.

"தலையெல்லாம் சுத்தல. மூஞ்சி கழுவக் கண்ண மூடினா ஆளே சாயுறேன். ராத்திரியில நடக்க ஏலாது. பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு."

இதனை ஒரு சொல்லும் விடாது சிங்களத்திற் கூறினேன். வைத்தியர் எழுந்து வந்து, அம்மாவின் பாதங்களைச் சேர்த்து நிறுத்திக் கண்ணை மூடச் சொன்னார். அம்மா சாய்ந்தார், அவர் பிடித்துக்கொண்டார். இது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேர்லின் நகரத்து வைத்தியர் ரொம்பேர்க் வகுத்த சோதனை. பாதத்து நரம்புகள் செய்தி அனுப்பாதபோது மனிதன் கண்ணையே நம்பி நிற்கின்றான். கண்ணை மூடினால் அந்த ஊன்றுகோலும் போய்விடுகின்றது. முகம் கழுவும்போது சாய்தலும் இருளிற் தடுமாறுதலும் இதனால் விளைவனவே. பின்னர் அதிரும் கவைக்கோலைக் கணுக்காலில் வைத்துப் பார்த்தார். அதிர்வு அம்மாவுக்குத் தெரியவில்லை. நீரிழிவு நரம்பைத் தாக்கியிருந்தது. நீரிழிவுக்காக நெடுங்காலம் உட்கொண்ட மெற்போமின் மாத்திரையினால் விற்றமின் பி12 உம் குறைந்திருந்தது. அம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கின்றார் என்றார் அவ்வைத்தியர். முழுதும் குணமாகவில்லையாயினும், காரணம் தெரிந்த பின்னர் ஊசியும் உணவுமுறையும் பாதத்தைப் பேணும் பழக்கமும் அவர் நடையைக் காத்து வருகின்றன.

சாதாரணமான இந்நிகழ்ச்சியிலே இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. இரண்டாண்டுகளாக அம்மா நோயின் பெயரைத் தவிர மற்றெல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றார் என்பது ஒன்று. ஒரு மொழியிற் கூறிய துன்பம் இன்னொரு மொழியிற் சிதையாமற் சென்று சேர்ந்தமையால் நோய் புலப்பட்டது என்பது மற்றொன்று. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழியாகும் என்று அரசியலமைப்பில் எழுதிற்று. மொழியுரிமை என்றதும் நம்மிற் பலருக்குப் பெயர்ப்பலகையும் விண்ணப்பப் படிவமும் நினைவுக்கு வருகின்றன. மொழிபெயர்த்துச் சொல்ல மகளோ மகனோ உடனில்லாத ஒரு கிழவி வைத்தியர் முன் அமர்ந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களிலும் அவ்வுரிமை சோதிக்கப்படுகின்றது.

நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, அவர் வாழும் வாழ்க்கையையும் விசாரித்து, கால்களின் தள்ளாட்டத்திற்குக் காரணம் கண்ட பெருநிகழ்ச்சி ஒன்று நம் மலைநாட்டு வைத்திய வரலாற்றில் உண்டு. தோட்டத்துப் பெரியவர்கள் வாயிலாக நான் அதனை அறியவில்லை. நூலகத்தில் வேறெதையோ தேடியபோது ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரையாக என் கண்ணிற் பட்டது.

1977, 1978ஆம் ஆண்டுகளில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ச் சிறுமியரின் கால்கள் திடீரென வலுவிழந்தன. அக்காலத்தை நினைவுகூர்தல் நன்று. 1948இற் பறிக்கப்பட்ட குடியுரிமை பெரும்பாலோருக்குத் திரும்பக் கிடைத்திருக்கவில்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பம் குடும்பமாக மக்கள் தலைமன்னாரிற் கப்பலேறிக்கொண்டிருந்தனர். 1973–74இன் பஞ்சம் தோட்டங்களிற் பல உயிர்களைக் குடித்து மூன்றாண்டுகள்தாம் கழிந்திருந்தன. 1975இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகியிருந்தன. 1977 ஆகஸ்டு மாத இனவன்செயல் மலையகத்தையும் தாக்கியது. இத்தனை துன்பங்களிடையே இருபது சிறுமியரின் கால் நோய் பத்திரிகைச் செய்தியாகாமலே மறைந்துபோயிருக்கக்கூடும்.

அது மறைந்துபோகவில்லை. பேராதனை மருத்துவ பீடத்தைச் சேர்ந்த நிமால் சேனாநாயக்க அந்நோயை ஆராய்ந்தார். இந்நோய் கெண்டைக்காற் சதையில் வலியோடு தொடங்குவது; பின்னர் பாதம் தொங்கிவிடும். தொங்கும் பாதம் தரையில் இடறாமல் இருப்பதற்காக முழங்காலை உயரத் தூக்கி வைத்து நடக்க நேரும். கைகளும் சிலவேளை வலுவிழக்கும். மேலோட்டமாகப் பார்ப்போர் இளம்பிள்ளைவாதம் என்றோ ஊட்டக்குறைவு என்றோ கூறி அமைந்துவிடலாம். ஆனால் தொற்றுநோயாயின் அதே அறையில் உறங்கும் தம்பியை ஏன் விட்டது? ஊட்டக்குறைவாயின் அதே பானைச் சோற்றை உண்ட தாயை ஏன் தொடவில்லை? பருவமடையும் வயதுப் பெண்களை மட்டும் தேடிப் பிடிக்கும் நோய் என்ன நோய்?

விடை, வைத்தியசாலையில் அன்று, லயத்தின் அடுப்படியில் இருந்தது. நம் மக்களிடையே பெண் பெரியவளானால் அவளைத் தனியே அமர்த்திப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் பல நாட்கள் கொடுப்பது வழக்கம். இடுப்புக்கு வலு என்பர் பெரியோர். அந்நல்லெண்ணெயிலே ட்ரைகிரெசைல் பொஸ்பேற் என்ற நஞ்சு கலந்திருந்தது சோதனையிற் கண்டறியப்பட்டது. கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களிற் சமையலெண்ணெயைக் கொண்டுவந்ததால் அந்நஞ்சு கலந்திருத்தல் கூடும் என்று ஆய்வாளர் கருதினர். சேனாநாயக்கவும் தொழில்சார் மருத்துவ அறிஞர் ஜெயரத்தினமும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1981ஆம் ஆண்டு லண்டனின் லான்செற் சஞ்சிகையில் வெளிவந்தது. நோயுற்றோரை மூன்றாண்டுக் காலம் தொடர்ந்து அவதானித்த இன்னொரு கட்டுரையைச் சேனாநாயக்க அதே ஆண்டில் வெளியிட்டார்.

இந்நஞ்சின் இயல்பு வஞ்சகமானது. எண்ணெய் போன்றே இருக்கும், எண்ணெயோடு கலந்துவிடும், நாவுக்கும் மூக்குக்கும் எளிதிற் பிடிபடாது. இயந்திர எண்ணெய்களிலும் பிளாஸ்ரிக்கை இளக்குவதற்கும் பயன்படுவது. உண்டவுடன் பெருந்துன்பம் எதுவும் தோன்றாமற் போகலாம். ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்து, உடலின் மிக நீண்ட நரம்பிழைகள் நுனியிலிருந்து அழியத் தொடங்கும். நீண்ட இழைகள் காலுக்குச் செல்வன. ஆதலாற் காலே முதலில் விழும். உண்டது மறந்த பின்னர் நோய் தோன்றுவதால், காரணத்தைத் தேடுவோர் உணவை நினைப்பதில்லை. விதியையும் பேயையுமே நினைப்பர்.

உலகத்தின் வேறு பாகங்களிலும் இதே நஞ்சு இதே வழியில் வந்திருக்கின்றது. மதுவிலக்கு நடைமுறையிலிருந்த அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டு, ஏழைகள் மதுவுக்குப் பதிலாகக் குடித்த இஞ்சிச் சாற்றில் இது கலக்கப்பட்டது. அரசாங்கச் சோதனையை ஏமாற்றுவதற்காகச் செய்த கலப்படம் பல்லாயிரம் பேரின் கால்களை முடமாக்கிற்று. 1937இற் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில், இந்நஞ்சு முன்னர் இருந்த பீப்பாய்களிற் சமையலெண்ணெய் நிரப்பப்பட்டதால் பலர் நோயுற்றனர். 1959இல் மொரோக்கோவின் மெக்னெஸ் பகுதியில், விமான இயந்திர எண்ணெயைச் சமையலெண்ணெயிற் கலந்து மலிவாக விற்ற வியாபாரிகளால் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் பாதிப்புற்றனர். 1988இற் கல்கத்தாவின் பேஹாலாப் பகுதியில் கடுகெண்ணெய் வகையொன்றிற் கலந்த இந்நஞ்சு பல நூறு பேரைத் தாக்கியது. ஓரிடத்தில் மோசடி, ஓரிடத்தில் அசட்டை. ஆனாற் பாதிக்கப்பட்டோரிற் பெரும்பாலோர், போத்தலைக் கொண்டுபோய் அளந்து வாங்கும் மலிவான சில்லறைச் சரக்கை நம்பி வாழ்ந்த எளியோர்.

இங்கே முற்போக்காளராகிய நாம் ஒரு விடயத்தில் நிதானம் காட்டுதல் வேண்டும். பூப்பு நீராட்டும் அதனைச் சார்ந்த தனித்திருத்தலும் பெண்ணடிமையின் சின்னங்கள் என்று நாம் பேசி வருகின்றோம். தீட்டு என்ற கருத்தை எதிர்ப்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் இந்நிகழ்ச்சியைக் காட்டி, மூடவழக்கம் பெண்களை முடமாக்கியது என்று எவரேனும் முழங்குவாராயின் அது உண்மையாகாது. நஞ்சு வழக்கத்தில் இல்லை; கொள்கலனில் இருந்தது. ஆண்டு முழுதும் ரொட்டியும் சாயமுமாக வளர்ந்த ஒரு பெண்பிள்ளைக்கு, அவள் வாழ்விற் சில நாட்களேனும் முட்டையும் எண்ணெயும் கொடுத்து உடலைத் தேற்ற வேண்டும் என்று எண்ணிய தாய், தன் ஏழ்மைக்குள் இயன்ற நல்லுணவையே ஊட்டினாள். அத்தாயின் அறியாமை அன்று அங்கே குற்றவாளி. அவள் கையிற் கொடுக்கப்பட்ட எண்ணெய் எதிற் வந்தது, எவர் அதனைச் சோதித்தார், எவர் சோதியாது விட்டார் என்பனவே கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

அதேவேளை, மந்திரிப்பதற்கும் பேயோட்டுவதற்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. கால் விழுந்த பெண்ணைக் கோடாங்கியிடம் கொண்டு செல்லும் ஒவ்வொரு நாளும் காரணம் மறைவதற்கு உதவுகின்றது. ஒரு குடும்பத்திற்குப் பேயாகத் தோன்றுவது, இருபது குடும்பங்களின் செய்தியை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது எண்ணெயாகத் தெரிந்தது. தனித்தனியாகக் கிடக்கும் துன்பங்களை ஒருங்கு சேர்த்து நோக்கும்போதே அவற்றின் பொதுக்காரணம் புலப்படும் என்பது தொழிற்சங்கத்தார் நன்கறிந்த பாடம். வைத்திய அறிவியலும் அதே பாடத்தையே கூறுகின்றது.

இந்த ஆராய்ச்சி அத்தோடு நிற்கவில்லை. ட்ரைகிரெசைல் பொஸ்பேற் எந்த இரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்ததோ, அதே ஓகனோபொஸ்பரஸ் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம் நம் விவசாயிகள் கையாண்ட பூச்சிகொல்லிகள் பல. அவற்றால் நஞ்சூட்டப்பட்டோரிடத்தில் நரம்புத் தளர்ச்சி பின்னர் தோன்றுவதைச் சேனாநாயக்க 1982இல் இன்னோர் ஆய்வாளருடன் சேர்ந்து எழுதினார். நஞ்சுண்ட ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் வலுவிழக்கும் நிலையை அவரும் கரலியத்தவும் 1987இல் விளக்கியபோது உலகம் அதனைப் புதிய நோய்நிலையாக ஏற்றுக்கொண்டது. மிகக் கொடிய பூச்சிகொல்லி வகைகளின் பாவனையை இலங்கை 1995 அளவில் நிறுத்தியது. கண்டி மலைகளின் அடிவாரத்தில் ஏழைகளின் உடலிலிருந்து கற்ற பாடங்கள் உலக மருத்துவ நூல்களில் ஏறியிருக்கின்றன.

ஏறாதது ஒன்றுண்டு. ஆய்வுக் கட்டுரையிலே அச்சிறுமியருக்குப் பெயரில்லை. நோயாளியின் அந்தரங்கம் காக்கும் அந்நெறி சரியானதே. ஆனால் பெயரின்றியும் ஒரு வாழ்வைச் சொல்வதற்குத்தானே இலக்கியம் இருக்கின்றது? நான் படித்த மலையகக் கதைகளில் அட்டையும் மழையும் உண்டு. துரையும் கங்காணியும் உண்டு. அரைப்பேர் போட்டு வயிற்றிலடிக்கும் கொடுமை உண்டு. பெரியவளான மகிழ்ச்சி ஆறுமுன்னரே பாதம் தொங்கிய பெண்ணை நான் எங்கும் காணவில்லை. இந்நஞ்சினாற் தாக்குண்டோரிற் பலர் காலப்போக்கிற் தேறுவர். சிலருக்குக் காலின் விறைப்பும் தடுமாற்றமும் நிலைத்துவிடும். அச்சிறுமியர் இன்று அறுபது வயதை அண்மித்தோ கடந்தோ இருப்பர். கொழுந்து மலையில் ஏற முடியாத பெண்ணுக்குத் தோட்டத்தில் என்ன வேலை கிடைத்திருக்கும்? எவர் மணந்திருப்பார்? எத்தனை பேர் கப்பலேறினர்? இவை மருத்துவ வினாக்கள் அல்ல. ஆயினும் அந்த நோயின் பகுதிகளே. இளம் எழுத்தாளர்கள் இவ்வினாக்களை எடுத்துக்கொண்டு லயங்களுக்குச் செல்வார்களாயின் நம் இலக்கியம் வளம்பெறும்.

ஆசிரியராகிய நாம் செய்யக்கூடியது யாது? என் பாடசாலையில் ஒரு சிறு முயற்சியைத் தொடங்கியுள்ளோம். உடல் துன்பத்தைக் குறிக்கும் சொற்களைத் தம் பாட்டிமாரிடம் கேட்டு எழுதிவருமாறு தமிழ் வகுப்பு மாணவரைப் பணித்தேன். கிறுகிறுப்பு, கண்ணிருட்டு, தள்ளாட்டம், மரமரப்பு, விறுவிறுப்பு, சுருக்கு, குடைச்சல் எனச் சொற்கள் வந்து குவிந்தன. ஒவ்வொரு சொல்லும் உடலில் எங்கே, எப்போது, எவ்வாறு தோன்றுவதைக் குறிக்கின்றது என்பதை மாணவர் விசாரித்து எழுதினர். விஞ்ஞான ஆசிரியர் அவற்றை உறுப்புக்களோடு பொருத்தி விளக்கினார். சிங்களம் கற்பிக்கும் ஆசிரியை ஏற்ற சிங்களச் சொற்களைத் தந்தார். அவற்றை ஒரு தாளின் இரு பக்கங்களில் எழுதி வைத்தியசாலைக்குச் செல்லும் பெற்றோர் கையிற் கொடுத்து வருகின்றோம். தாளின் கீழே மூன்று கேள்விகள் உள்ளன: தலை சுழல்கின்றதா, கண் இருள்கின்றதா, கால் தடுமாறுகின்றதா? நான்காவதாக மாணவர்களே ஒரு கேள்வியைச் சேர்த்தார்கள்: அண்மையில் என்ன உண்டீர்கள், அதனை எங்கே வாங்கினீர்கள்?

இதனாற் பெரும் புரட்சி விளைந்துவிடும் என்று நான் கூறவில்லை. இரும்புச்சத்து மாத்திரையை ஒரு தாள் தந்துவிடாது. நியாயமான கூலியையும் நல்ல குடியிருப்பையும் போராடியே பெற வேண்டும். ஆயினும் ஒருவர் தள்ளாடும்போது அவரிடமே குற்றத்தைத் தேடும் பழக்கத்தை மாற்றி, அவர் நிற்கும் தரையையும் உண்ணும் உணவையும் ஆராயும் பழக்கத்தை ஒரு தலைமுறைக்கு ஊட்டுவது ஆசிரியரின் கையில் இருக்கின்றது. பிற பாடசாலைகளிலும் இச்சொற்களைத் திரட்டும் நண்பர்கள் முன்வந்தால், கண்டி மாவட்டத்திற்கேனும் பொதுவான ஓர் ஏட்டை நாம் சேர்ந்து ஆக்கலாம்.